விரிசலைப் பின்தொடர்ந்த பேராசிரியர்: ஆலன் காட்ரெலின் உலோகவியல் வாழ்க்கை

மென் எஃகுக் கம்பி ஒன்றை இழுவிசைச் சோதனை எந்திரத்தில் பூட்டி மெல்ல இழுக்கத் தொடங்கினால், சுமையைக் காட்டும் முள் முதலில் ஒரே சீராக ஏறிக்கொண்டு போகும். கம்பி நீள்வது கண்ணுக்குத் தெரியாது. இந்த நிலையில் சுமையை எடுத்துவிட்டால் அது பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். பிறகு ஒரு கட்டத்தில் முள் சட்டென்று சற்றுப் பின்னுக்கு விழும். நன்றாக மெருகேற்றிய கம்பியாக இருந்தால், அதன் ஒரு முனையருகே மங்கலான பட்டை ஒன்று சாய்வாகத் தோன்றி, கம்பியின் உடல் முழுவதும் மெதுவாகப் பரவுவதைப் பார்க்கலாம். அந்தப் பட்டை மறுமுனையை எட்டும்வரை சுமை ஏறுவதில்லை, கம்பி மட்டும் நீண்டுகொண்டே இருக்கும்; அதன் பின்னரே முள் மறுபடி மேலே நகரும். பொறியியல் படித்தவர்கள் ஈல்ட் பாயின்ட் என்ற பெயரில் அறிந்திருக்கும் இந்த நிகழ்வு, தூய செம்பிலோ தூய அலுமினியத்திலோ இப்படித் தெளிவாகத் தென்படுவதில்லை. எஃகில் மட்டும் முள் ஏன் விழுகிறது என்ற கேள்விக்கு, தொழிற்சாலைகள் எஃகைப் பெருமளவில் வார்க்கத் தொடங்கி ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் ஏற்கத்தக்க விடை கிடைத்திருக்கவில்லை. 1940களின் இறுதியில் அந்த விடையைத் தந்தவர், இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த ஆலன் காட்ரெல்.

காட்ரெலின் வாழ்க்கைக் குறிப்பைப் படிப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அவர் வகித்த பதவிகளின் நீளம்தான். முப்பது வயதில் பேராசிரியர், அணுசக்தி ஆய்வு நிலையத்தில் துறைத் துணைத் தலைவர், கேம்பிரிட்ஜில் உலோகவியல் பேராசிரியர், பிரிட்டிஷ் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர், கேம்பிரிட்ஜின் ஜீசஸ் கல்லூரித் தலைவர், அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் என்று அந்தப் பட்டியல் போகிறது. ஆனால் பதவிகளை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் எதைப் பற்றிச் சிந்தித்தார் என்று பார்த்தால், ஒரே பொருள் அவருடைய இளமையிலிருந்து முதுமை வரை இழையோடுகிறது. உலோகம் எப்போது வளைந்து கொடுக்கிறது, எப்போது வளையாமல் பிளந்துவிடுகிறது என்பதே அந்தப் பொருள். போர்க்காலத்தில் வெல்டிங் விரிசலில் தொடங்கிய அவருடைய ஆய்வு, முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு நாட்டின் அணு உலைக் கொள்கையையே கேள்விக்குள்ளாக்கியது. அந்த இரண்டுக்கும் இடையிலான தொடர்பைப் புரிந்துகொள்ளாமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

காட்ரெல் 1919 ஜூலை 17 அன்று பர்மிங்காமில் பிறந்தார். அந்த நகரின் மோஸ்லி கிராமர் பள்ளியில் படித்து, அங்குள்ள பல்கலைக்கழகத்திலேயே உலோகவியலில் 1939இல் இளநிலைப் பட்டமும், 1942இல் முனைவர் பட்டமும் பெற்றார். அன்றைய உலோகவியல் பெரும்பாலும் அனுபவ அறிவின் தொகுப்பாக இருந்தது. இந்த விகிதத்தில் கார்பன் சேர்த்தால் இவ்வளவு வலிமை, இந்த வெப்பநிலையில் பதப்படுத்தினால் இவ்வளவு கடினம் என்று வரைபடங்களும் அட்டவணைகளும் நிறைந்த பாடமாக அதை மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். உலை முன் நின்று பல ஆண்டுகள் உழைத்தவர்களின் கைப்பக்குவத்துக்கு உரிய மரியாதையை நாம் குறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் 'ஏன்' என்று கேட்ட மாணவனுக்கு அந்தப் பாடத்தில் பதில் குறைவாகவே இருந்தது.

போர் தொடங்கியதும் இளம் ஆய்வாளரான அவரிடம் வந்து சேர்ந்த சிக்கல், டாங்கிகளின் கவச எஃகை வெல்டிங் செய்யும்போது உண்டாகும் விரிசல்கள். தடித்த எஃகுத் தகடுகளை மின்பொறியால் இணைக்கும்போது, உருகி இறுகும் கோட்டை ஒட்டிய குறுகிய பகுதி கடுமையாகச் சூடேறுகிறது. பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த உலோகம் அந்த வெப்பத்தை விரைவாக உறிஞ்சிக்கொள்வதால், பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிய எஃகைப் போல அது சட்டென்று குளிர்கிறது. அப்போது அங்கே மார்ட்டென்சைட் எனப்படும், மிகக் கடினமான ஆனால் எளிதில் உடையக்கூடிய அமைப்பு உருவாகிறது. எலக்ட்ரோடின் பூச்சில் இருந்த ஈரத்திலிருந்து ஹைட்ரஜனும் உள்ளே புகுந்துவிட்டால், வெல்டிங் முடிந்து சில மணி நேரம் கழித்துக்கூட மயிரிழை போன்ற விரிசல்கள் தோன்றும். மேலே பார்த்தால் குறையற்றதாகத் தெரியும் இணைப்பு, உள்ளே பிளந்திருக்கும். ஓர் இளைஞனின் முதல் ஆய்வாகக் கிடைத்த இந்தச் சிக்கல் அவருடைய கண்ணை எதன்மீது பழக்கியது என்பதை நாம் கவனிக்க வேண்டும். வலிமை மிகுந்த உலோகம் பாதுகாப்பான உலோகமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை அவர் தம் இருபதுகளிலேயே கையில் எடுத்துப் பார்த்துவிட்டார்.

பர்மிங்காம் உலோகவியல் துறையின் தலைவராக இருந்த டேனியல் ஹான்சன், போர் முடிந்ததும் இந்தப் பாடத்தை இயற்பியலின் அடித்தளத்தின்மீது மறுபடி கட்ட வேண்டும் என்று முடிவு செய்து, அந்தப் பொறுப்பைக் காட்ரெலிடம் ஒப்படைத்தார். தம்முடைய தலைமுறைக்குப் பழக்கமில்லாத ஒரு பாதையை இளைய ஆசிரியருக்குத் திறந்துவிட்ட ஹான்சனின் பெருந்தன்மை இந்தக் கதையில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காட்ரெல் தம் மாணவர்களுக்காகத் தயாரித்த பாடங்கள் 1948இல் நூலாக வெளிவந்தன. அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு, வெப்ப இயக்கவியல், படிக அமைப்பு ஆகியவற்றிலிருந்து தொடங்கிக் கலப்புலோகங்களின் நடத்தையை விளக்கிய அந்நூல், உலோகவியல் கற்பிக்கப்பட்ட முறையையே பல நாடுகளில் மாற்றியது.

இனி, விழுந்த முள்ளுக்கு வருவோம். ஓர் உலோகப் படிகத்தில் அணுக்கள் ஒழுங்கான அடுக்குகளாக அமைந்திருக்கின்றன. ஓர் அடுக்கை இன்னொன்றின்மீது மொத்தமாகச் சறுக்கவைக்க எவ்வளவு விசை வேண்டும் என்று 1926இல் ரஷ்ய இயற்பியலாளர் யாக்கோவ் பிரெங்கல் கணக்கிட்டார். விடை உண்மையான உலோகங்களின் வலிமையைவிட ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் வந்தது. கணக்கின்படி பார்த்தால் ஒரு மெல்லிய செம்புக் கம்பியைக் கையால் வளைக்கவே முடியாது. இந்த முரண்பாட்டுக்கு 1934இல் ஜெஃப்ரி டெய்லர், எகோன் ஓரொவான், மைக்கேல் பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே தீர்வை முன்வைத்தார்கள். படிகத்தின் அடுக்குகளுக்குள் பாதியில் நின்றுவிடும் ஒரு கூடுதல் அடுக்கு இருந்தால், அது முடியும் விளிம்பில் ஒரு வரிசைப் பிசகு உண்டாகிறது. சறுக்கல் முழுப் பரப்பிலும் ஒரே நேரத்தில் நிகழ வேண்டியதில்லை, அந்தப் பிசகுக் கோடு நகர்ந்தாலே போதும். தரையில் விரித்த பெரிய ஜமக்காளத்தை ஒரு முனையில் பிடித்து இழுத்தால் அசையாது. அதே முனையில் சிறு மடிப்பை உண்டாக்கி, அந்த மடிப்பைக் காலால் மறுமுனை வரை தள்ளிக்கொண்டு போனால், ஜமக்காளம் முழுவதும் ஒரு சாண் நகர்ந்திருக்கும். உலோகப் படிகத்தில் அந்த மடிப்பின் வேலையைச் செய்யும் கோட்டுக்கு டிஸ்லொகேஷன் என்று பெயர். ஓரொவான் 1937 முதல் 1939 வரை பர்மிங்காமில் பணியாற்றினார் என்பதும், அந்த ஆண்டுகளில்தான் காட்ரெல் அங்கே இளநிலை மாணவராக இருந்தார் என்பதும் சுவையான தற்செயல்.

1940களில் டிஸ்லொகேஷனை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. 1956இல்தான் கேம்பிரிட்ஜில் பீட்டர் ஹிர்ஷின் குழுவினரும், ஜெனீவாவில் வால்டர் போல்மனும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உதவியால் மெல்லிய உலோகத் தகட்டுக்குள் அவற்றை நேரில் கண்டார்கள். அதற்கு முன்னால் பல உலோகவியலாளர்கள் அவற்றைக் கணிதக் கற்பனை என்றே நினைத்தார்கள். அப்படி ஒரு காலத்தில், பார்க்காத ஒன்றைக் கொண்டு பார்த்த ஒன்றை விளக்கத் துணிந்ததில்தான் காட்ரெலின் தனித்தன்மை இருக்கிறது.

அவருடைய வாதம் இப்படிப் போகிறது. இரும்புக்குள் கரைந்திருக்கும் கார்பன் அணுவும் நைட்ரஜன் அணுவும் இரும்பு அணுக்களுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளிகளில் நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்திருக்கின்றன. அவை சுற்றியுள்ள அணுக்களை அகட்டித் தள்ளுகின்றன. டிஸ்லொகேஷன் கோட்டின் ஒரு பக்கத்தில், கூடுதல் அடுக்கு முடிந்துபோன இடத்துக்குக் கீழே, அணுக்கள் இயல்பைவிட விலகி நிற்கின்றன. நெரிசலில் இருக்கும் கார்பன் அணுவுக்கு அந்த இடம் வசதியானது. ஆகவே வெப்பத்தின் அசைவில் அலைந்து திரியும் கார்பன் அணுக்கள் ஒவ்வொன்றாக டிஸ்லொகேஷனை நோக்கி வந்து அதைச் சூழ்ந்துகொள்கின்றன. பின்னர் 'காட்ரெல் வளிமண்டலம்' என்று பெயர் பெற்ற இந்தச் சூழல், டிஸ்லொகேஷனை நங்கூரம் பாய்ச்சியதுபோல ஓரிடத்தில் பிடித்துவைக்கிறது. அதைப் பிடியிலிருந்து பிடுங்கி எடுக்க அதிக விசை வேண்டும். ஒருமுறை விடுபட்டுவிட்டால், கார்பனால் அதே வேகத்தில் பின்தொடர முடியாததால், குறைந்த விசையிலேயே அது ஓடும். முள் ஏறியதும், சட்டென்று விழுந்ததும், பட்டை பரவியதும் இதனால்தான். 1944இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு சோதனையில், ஈரமான ஹைட்ரஜனில் சூடேற்றிக் கார்பனையும் நைட்ரஜனையும் நீக்கிய இரும்பில் ஈல்ட் பாயின்ட் மறைந்துபோனது ஏற்கெனவே தெரிந்திருந்தது. காட்ரெலின் விளக்கம் அந்தச் சோதனைக்கும் பொருள் தந்தது.

இந்தக் கருத்தை அவர் 1947இல் பிரிஸ்டலில் நடந்த மாநாட்டில் முன்வைத்தார். 1949இல் தம் மாணவர் புரூஸ் பில்பியுடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை அதை எண்களால் நிறுவியது. அந்தக் கட்டுரையின் அழகு, விளக்கத்தோடு நிற்காமல் ஒரு முன்கணிப்பையும் தந்ததில் இருக்கிறது. இழுத்து நீட்டிய எஃகை உடனே மறுபடி இழுத்தால் ஈல்ட் பாயின்ட் தோன்றாது. சில நாள் அறை வெப்பத்தில் விட்டுவைத்தால், அல்லது கொதிநீரில் சிறிது நேரம் வைத்தால், அது திரும்பி வந்துவிடும். ஸ்ட்ரெய்ன் ஏஜிங் எனப்படும் இந்த நிகழ்வில், விடுபட்ட டிஸ்லொகேஷனைக் கார்பன் அணுக்கள் தேடி வந்து மறுபடி சூழ்ந்துகொள்கின்றன. வந்துசேரும் அணுக்களின் எண்ணிக்கை தொடக்கத்தில் காலத்தின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு நேர் விகிதத்தில் வளர வேண்டும் என்று காட்ரெலும் பில்பியும் கணக்கிட்டார்கள்; அதாவது எட்டு மடங்கு நேரம் காத்திருந்தால் நான்கு மடங்கு அணுக்கள் வந்து சேரும். 1951இல் வெளிவந்த அளவீடுகள் இந்த விதியை உறுதிப்படுத்தின. கார் உடலுக்கான எஃகுத் தகடுகளை அச்சில் அழுத்தும்போது மேற்பரப்பில் தோன்றும் அசிங்கமான வரிகளும், அவற்றைத் தவிர்ப்பதற்காகத் தகட்டை முன்கூட்டியே ஒரு சதவீதம் அளவுக்கு லேசாக உருட்டிவிடும் ஆலை வழக்கமும், அப்படி உருட்டிய தகட்டை நெடுநாள் கிடங்கில் போட்டுவைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் ஒரே காரணத்தின் கிளைகள் என்பது இதன் மூலம் தெளிவாயிற்று.

1949இல், முப்பது வயதில், காட்ரெல் பர்மிங்காமில் இயற்பியல்சார் உலோகவியலின் பேராசிரியரானார். டிஸ்லொகேஷன் கோட்பாட்டாளர் பிராங்க் நபாரோவும் அப்போது அதே துறையில் இருந்தார். காட்ரெல் அங்கிருந்த ஆறேழு ஆண்டுகளில் அந்தத் துறை டிஸ்லொகேஷன் ஆய்வின் முக்கிய மையங்களில் ஒன்றாக விளங்கியது. 1955இல் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்த ஆண்டிலேயே அவர் பல்கலைக்கழகத்தை விட்டு ஹார்வெல் அணுசக்தி ஆய்வு நிலையத்துக்குச் சென்றார். பிரிட்டனின் முதல் பெரிய அணுமின் நிலையமான கால்டர் ஹால் அப்போது கட்டி முடிக்கப்படும் தறுவாயில் இருந்தது. 1956 அக்டோபரில் எலிசபெத் அரசியார் அதைத் திறந்துவைத்தார். அந்த உலையில் மீட்டர் நீளத்துக்குச் சற்றேறக்குறைய இருக்கும் யுரேனியக் கம்பிகள், மக்னீசியக் கலப்புலோக உறைக்குள் வைக்கப்பட்டு, ஒன்றின்மீது ஒன்றாகச் செங்குத்தாக நிறுத்தப்பட்டிருந்தன. கீழே இருக்கும் கம்பி மேலுள்ளவற்றின் எடையைத் தாங்க வேண்டும். யுரேனியத்தின் வலிமையை வைத்துப் பார்த்தால் அது ஒரு பொருட்டான எடையே இல்லை.

காட்ரெல் வேறு விதமாக யோசித்தார். யுரேனியப் படிகம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் அமைந்ததில்லை. கதிர்வீச்சுக்கு ஆளாகும்போது அது ஒரு திசையில் நீண்டு, இன்னொரு திசையில் சுருங்குகிறது. கம்பி ஒன்றுக்குள் எண்ணற்ற படிகக் குறுமணிகள் வெவ்வேறு திசைகளில் படுத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் திசையில் நீள முயலும்போது, அண்டை மணிகள் அதைத் தடுக்கின்றன. ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும் இந்தப் போராட்டத்தில் உலோகத்தின் உட்பகுதி முழுவதும் ஏற்கெனவே வளையும் எல்லையில் நின்றுகொண்டிருக்கும். அந்த நிலையில் வெளியிலிருந்து வரும் மிகச் சிறு சுமைகூட அதை ஒரு பக்கமாக நகர்த்திவிடப் போதுமானது. உலையின் நடுவே இருக்கும் யுரேனியம், அதன் வழக்கமான வலிமையில் ஒரு சிறு பங்கு சுமைக்கே மெல்ல ஊர்ந்து வளைய வேண்டும் என்பது இந்தச் சிந்தனையின் முடிவு. ஹார்வெலில் யுரேனியச் சுருள்வில் ஒன்றை லேசான சுமையோடு ஆய்வு உலைக்குள் வைத்துப் பார்த்தபோது, அது எதிர்பார்த்தபடியே நீண்டது. கால்டர் ஹாலின் எரிபொருள் கம்பிகள் வளையாமல் இருக்க எப்படித் தாங்கல் கொடுப்பது என்று வடிவமைப்பாளர்கள் மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. நிலையம் இயங்கத் தொடங்கிய பின் இது தெரியவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு கோட்பாட்டாளர் சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருந்ததன் மதிப்பு புரியும்.

விரிசலைப் பற்றிய சிந்தனையும் அவரை விட்டு அகலவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது வெல்டிங் முறையில் அமெரிக்காவில் கட்டப்பட்ட கப்பல்கள் பலவற்றின் உடல்கள் எதிரியின் தாக்குதல் எதுவும் இல்லாமலேயே பிளந்தன. 1943 ஜனவரியில் ஷெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல், போர்ட்லண்டில் துறையில் அமைதியாக நின்றுகொண்டிருந்தபோதே இரண்டாக முறிந்தது. சாதாரண வெப்பத்தில் நன்றாக வளைந்துகொடுக்கும் எஃகு, குளிரில் கண்ணாடியைப் போல உடைவது ஏன் என்பது அக்காலத்தின் பெரிய கேள்வி. லீட்ஸில் நார்மன் பெட்ச், படிகக் குறுமணிகள் சிறுக்கச் சிறுக்க எஃகு வலிமை பெறுவதோடு குளிரிலும் தாக்குப்பிடிக்கிறது என்பதைக் காட்டியிருந்தார். காட்ரெல் 1958இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு முழுமையான கோட்பாட்டைத் தந்தது. வெவ்வேறு சறுக்கு தளங்களில் ஓடிவரும் இரண்டு டிஸ்லொகேஷன்கள் சந்திக்கும்போது, அவை இணைந்து ஒன்றாகி, இரும்பு எளிதில் பிளக்கும் தளத்தில் சிக்கி நிற்கக்கூடும். அடுத்தடுத்து வருபவையும் அங்கேயே சேரும்போது, மரத்தில் அடித்த ஆப்பைப் போல அவை ஒரு நுண்விரிசலைத் திறக்கின்றன. நுண்விரிசல் பிறப்பது அவ்வளவு கடினமில்லை. அது வளர்ந்து பரவுவதுதான் கடினமான கட்டம் என்று அவர் வாதிட்டார். வலிமையைக் கூட்டும் வழிகள் பெரும்பாலும் உடையும் தன்மையையும் கூட்டிவிடும். மணிகளைச் சிறிதாக்குவது ஒன்றே இரண்டு நன்மையையும் சேர்த்துத் தரும் வழி என்பதற்கு இதிலிருந்து காரணம் கிடைத்தது. பின்னாளில் பாலங்களுக்கும் எண்ணெய்க் குழாய்களுக்கும் உருவான நுண்மணி எஃகு வகைகள் இந்தப் புரிதலின் வழியில் வந்தவை.

1958இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவரைக் கோல்ட்ஸ்மித்ஸ் உலோகவியல் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. ஏழாண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்து பாடத்திட்டத்தைப் புதுப்பித்தார். ஆந்தனி கெல்லி, ராபின் நிக்கல்சன் போன்றவர்கள் அவர் காலத்தில் அங்கே பணிபுரிந்தார்கள். இழைகளை உட்பொதித்த கூட்டுப் பொருள்களைப் பற்றிய கெல்லியின் ஆய்வுகள் அங்கே வளர்ந்தன. 1963இல் பில்பி, ஸ்விண்டன் ஆகியோருடன் சேர்ந்து, விரிசலின் முனையில் உலோகம் எவ்வளவு தூரத்துக்கு இளகி வளைகிறது என்பதைக் கணிக்கும் மாதிரியைக் காட்ரெல் வெளியிட்டார். விரிசல் உள்ள ஓர் அமைப்பு எவ்வளவு சுமையைத் தாங்கும் என்று பொறியாளர் மதிப்பிடும் பிற்கால முறைகளுக்கு அது ஓர் அடித்தளமாயிற்று.

1965இல் அவர் அரசுப் பணிக்குச் சென்றார். பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகராக இருந்த சாலி சக்கர்மனின் கீழ் தொடங்கி, 1971இல் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகராகப் பொறுப்பேற்று, 1974 வரை அதில் இருந்தார். அவர் ஆராய்ச்சியின் உச்சத்தில் இருந்தபோது பல்கலைக்கழகத்தை விட்டுப் போனதை எண்ணி அறிவியல் உலகில் வருந்தியவர்கள் உண்டு. அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அடுத்து நிகழ்ந்ததைப் பார்க்கும்போது, அவர் அந்த நாற்காலியில் இருந்தது வீண்போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1973இன் எண்ணெய் நெருக்கடியை ஒட்டி, பிரிட்டனின் மின்வாரியம் அமெரிக்க வகையைச் சேர்ந்த அழுத்த நீர் உலைகளைப் பெருமளவில் கட்ட விரும்பியது. இந்த உலையின் இதயம் ஒரு மாபெரும் எஃகுக் கலம். சுமார் 20 சென்டிமீட்டர் தடிமன் உள்ள சுவருக்குள், 300 டிகிரி செல்சியஸ் அளவிலான நீர், வளிமண்டல அழுத்தத்தைப் போல 150 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். ஒரு குழாய் உடைந்தால் உலையைக் குளிர்விக்க அவசரகால ஏற்பாடுகள் உண்டு. கலமே பிளந்துவிட்டால் அவை பயன்படாது. ஆகவே கலம் ஒருபோதும் உடையாது என்பதே முழுப் பாதுகாப்பு வாதத்தின் ஆதாரமாக இருந்தது. 1974 ஜனவரியில், நாடாளுமன்றத்தின் அறிவியல் தொழில்நுட்பக் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது, அந்த ஆதாரத்தைத் தம்மால் முழு மனதோடு ஏற்க முடியவில்லை என்பதைக் காட்ரெல் வெளிப்படையாகத் தெரிவித்தார்.

அவருடைய கவலையின் உலோகவியல் உள்ளடக்கம் கவனமாகப் பார்க்கத் தக்கது. ஒவ்வொரு எஃகுக்கும், குறிப்பிட்ட இழுவிசையின் கீழ், ஒரு நெருக்கடி விரிசல் அளவு உண்டு. விரிசல் அதைவிடச் சிறிதாக இருக்கும்வரை அசையாமல் இருக்கும் அல்லது மிக மெதுவாக வளரும், அந்த அளவை எட்டியதும் ஒலியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் பாய்ந்து பரவும். மெல்லிய சுவருள்ள கலத்தில், நெருக்கடி அளவு சுவரின் தடிமனைவிடப் பெரிதாக இருக்கும். அதனால் வளரும் விரிசல் முதலில் சுவரைத் துளைத்து வெளியே வந்து கசியும். கசிவைக் கண்டு உலையை நிறுத்திவிடலாம். தடித்த சுவரில் இந்த முன்னறிவிப்பு கிடைக்கும் என்ற உறுதி இல்லை. விரிசல் சுவருக்குள் மறைந்திருக்கும்போதே நெருக்கடி அளவை எட்டிவிடக்கூடும். இதோடு, உலையிலிருந்து வரும் நியூட்ரான்கள் ஆண்டுக்கணக்கில் எஃகை மோதி அதன் உடையும் தன்மையைக் கூட்டுகின்றன. எஃகில் செம்பும் பாஸ்பரஸும் மாசாகக் கலந்திருந்தால் இந்தச் சிதைவு இன்னும் விரைவாகிறது. அவசர காலத்தில் சூடான சுவரின்மீது குளிர்ந்த நீர் பாயும்போது, உட்பரப்பு சுருங்கி, இருக்கும் விரிசலை மேலும் இழுக்கிறது. பிரிட்டனின் பிற்கால வாயுக் குளிர்விப்பு உலைகளில் இருந்த கான்கிரீட் கலங்களை இதோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்: அவற்றைக் கட்டி இறுக்கியிருப்பவை தனித்தனியான ஏராளமான எஃகு வடங்கள். ஒரு வடம் அறுந்தால் விரிசல் அடுத்த வடத்துக்குத் தாவ வழியில்லை.

தம்முடைய 1942ஆம் ஆண்டு வெல்டிங் ஆய்விலிருந்து 1963இன் விரிசல் மாதிரி வரை அவர் கற்ற அனைத்தும் இந்த ஒரு கலத்தின் சுவரில் வந்து கூடியிருந்தன. 1974 ஜூலையில் அரசு அழுத்த நீர் உலைகளை ஒதுக்கிவிட்டு, கனநீரைப் பயன்படுத்தும் வேறொரு பிரிட்டிஷ் வடிவமைப்பைத் தேர்ந்தது. அந்த முடிவுக்குப் பல காரணங்கள் இருந்தன. காட்ரெலின் ஐயம் அவற்றில் எடை மிகுந்த ஒன்று. அந்த மாற்று வடிவமைப்பு சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டு, அழுத்த நீர் உலை மறுபடி பரிசீலனைக்கு வந்தது.

இடைப்பட்ட காலத்தில், ஹார்வெலில் காட்ரெலுடன் ஒரே காலத்தில் பணிபுரிந்த இயற்பியலாளர் வால்டர் மார்ஷலின் தலைமையில் ஒரு குழு இந்தக் கலங்களின் உறுதியை ஆராய்ந்து 1976இலும் 1982இலும் அறிக்கைகள் அளித்தது. எஃகின் வேதிக் கலவை, வார்ப்பின் தூய்மை, வெல்டிங் இணைப்புகளின் எண்ணிக்கை ஆகிய எல்லாவற்றுக்கும் கடுமையான வரம்புகள் வகுக்கப்பட்டன. ஆனால் மையக் கேள்வி, சுவருக்குள் இருக்கும் விரிசலை மீயொலிச் சோதனையால் கண்டுபிடிக்க முடியுமா என்பதே. 1970களில் பல நாடுகளின் சோதனைக் குழுக்களிடம், வேண்டுமென்றே குறைகள் புகுத்தப்பட்ட ஒரே தடித்த தகடுகளைச் சுற்றுக்கு விட்டுப் பார்த்தபோது, அன்று வழக்கத்திலிருந்த விதிமுறைப்படி சோதித்தவர்கள் பெரிய விரிசல்களைக்கூடத் தவறவிட்டார்கள். இது காட்ரெலின் அச்சம் வெறும் ஏட்டறிவு இல்லை என்பதைக் காட்டியது. பின்னர் சோதனை முறைகள் மேம்படுத்தப்பட்டன; சோதிப்பவர்களின் திறனையே சோதித்துச் சான்று வழங்க ரிஸ்லியில் தனி மையம் அமைந்தது. கண்டுபிடிப்பு நம்பகமாகும் என்ற நிலை வந்த பிறகு, கடுமையான பரிசோதனை தொடரும் என்ற நிபந்தனையோடு, காட்ரெல் தம் எதிர்ப்பை விலக்கிக்கொண்டார். அழுத்த நீர் வகையைச் சேர்ந்த சைஸ்வெல் பி உலை 1987இல் அனுமதி பெற்று, 1995இல் மின்சாரம் தரத் தொடங்கியது.

ஒரு நிபுணர் பொதுவெளியில் ஐயம் எழுப்பும்போது, அதை எந்தச் சான்று நீக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வது அரிது. காட்ரெல் அதைச் சொன்னார், சான்று வந்ததும் அதை ஏற்றார். அணு ஆற்றலுக்கு எதிரானவர்கள் அவரைத் தங்கள் பக்கத்தவராகக் கருத முயன்றபோதும், அவர் அணு ஆற்றலை மொத்தமாக எதிர்த்தவர் இல்லை. 1981இல் பொதுமக்களுக்காக அதன் பாதுகாப்பைப் பற்றிச் சிறு நூல் ஒன்றும் எழுதினார்.

1974 முதல் 1986 வரை ஜீசஸ் கல்லூரியின் தலைவராக இருந்தார். அவர் காலத்தில்தான், 1979இல், அக்கல்லூரி பெண்களை இளநிலை மாணவர்களாகச் சேர்க்கத் தொடங்கியது. 1977 முதல் இரண்டாண்டுகள் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார். ஓய்வு பெற்ற பின், நிர்வாகத்தில் கழிந்த இருபது ஆண்டுகளைத் தாண்டி, மறுபடி ஆராய்ச்சிக்குத் திரும்பினார். அதுவும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை; உலோக அணுக்களை ஒன்றாகப் பிணைக்கும் எலக்ட்ரான்களின் கோட்பாட்டை எழுபதை நெருங்கும் வயதில் புதிதாகக் கற்று, 1988இலும் 1990களிலும் அதைப் பற்றி நூல்கள் எழுதினார். ராயல் சொசைட்டியின் மிக உயர்ந்த விருதான கோப்லி பதக்கம் 1996இல் அவருக்கு வழங்கப்பட்டது. 2012 பிப்ரவரி 15 அன்று, தொண்ணூற்றிரண்டாம் வயதில் அவர் காலமானார்.

அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1999இல், பிரான்சின் ரூவான் நகர ஆய்வாளர்கள், ஊசி முனை போன்ற மாதிரியிலிருந்து அணுக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்து அவற்றின் இடத்தைக் குறிக்கும் கருவியின் உதவியால், இரும்பும் அலுமினியமும் கலந்த படிகம் ஒன்றுக்குள் இருந்த ஒற்றை டிஸ்லொகேஷனை முப்பரிமாணத்தில் படமாக்கினார்கள். கூடுதல் அடுக்கு முடியும் கோட்டை ஒட்டி, சில நானோமீட்டர் அகலத்தில், போரான் அணுக்கள் கூட்டமாகக் குவிந்திருந்தன. அரை நூற்றாண்டுக்கு முன் பர்மிங்காமில் தாளில் மட்டும் வரையப்பட்டிருந்த அந்த வளிமண்டலம் அணுவணுவாகப் படத்தில் விழுந்தபோது, அதை முதலில் வரைந்தவர் எண்பது வயதில் கேம்பிரிட்ஜில் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்.